அறை எண் 108

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் சாலை கல்லாற்றில்தான் மலையேறத் தொடங்குகிறது. அங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். (நீலகிரி ரயில் பல்சக்கரத்தைக் கவ்விக்கொண்டு ஏறத் தொடங்கும் மேட்டுப்பாளையம் கல்லாறு வேறு, இது கேரளக் கல்லாறு.) வாரக் கடைசியில் நகரத்துக் கார்கள் இங்கே வரிசை கட்டுகின்றன. உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஓடும் ஆறு பார்வைக்குப் பரம சாது. மேலே மலையில் பெய்யும் மழை, கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்பவருக்குத் தெரிவதில்லை. வட்டக்கயத்தில் உயிர்கள் போயிருக்கின்றன.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு விடுதியை எண்ணிக்கொள்ளலாம். இரண்டு மாடி, 24 அறைகள். மாலை நேரம். 103ஆம் அறையில் தங்கியிருக்கும் பெரியவருக்கு நெஞ்சு வலி. செல்பேசியில் சிக்னல் இல்லை. அவருடைய மனைவி கட்டிலருகே உள்ள தொலைபேசியை எடுத்து ஆம்புலன்ஸுக்காக 108 என்று அழுத்துகிறார். மணி அடிக்கிறது. எடுத்துப் பேசுபவர் ஐந்து கதவு தள்ளி, அறை எண் 108இல் இருக்கும் ஒரு கல்லூரி மாணவர்.

கற்பனைதான். ஆனால் இது நடப்பதற்கு வேண்டிய எல்லாம் நம் விடுதிகளில் தயாராக இருக்கிறது. போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 102 அல்லது 108, எல்லாவற்றுக்கும் சேர்த்து 112. முதல் வரிசை அறைகளுக்கு விடுதிக்காரர்கள் வைக்கும் எண்களும் 101 முதல் 112 வரைதான். அறை எண்ணையே தொலைபேசி எண்ணாகவும் வைத்துவிட்டால் விருந்தினருக்கு நினைவில் வைப்பது சுலபம், வரவேற்பாளருக்கும் சுலபம். வரவேற்பறைக்குப் பின்னால் சுவரில் தொங்கும் சாம்பல் நிறப் பெட்டிக்கு 108 என்றால் ஓர் அறை, அவ்வளவே. 2005இல் ஹைதராபாத்தில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய ஆம்புலன்ஸ் சேவையைப் பற்றி யாரும் அதற்குச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் இதன் நெருங்கிய உறவு ஒன்று நிஜமாகவே நடந்தது. 2013 டிசம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரில், ஒரு விடுதி அறையில் ஒரு பெண் கத்தியால் குத்தப்பட்டார். உடனிருந்த ஒன்பது வயது மகள் சொல்லிக் கொடுத்தபடி 911ஐ நான்கு முறை அழைத்தாள். அழைப்பு போகவில்லை. அந்த விடுதியின் தொலைபேசியில் வெளியே பேச முதலில் இன்னொரு 9 அழுத்த வேண்டும். அது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தாய் இறந்துபோனார். அவருடைய தந்தை விடாமல் நடத்திய இயக்கத்தின் பலனாக 2018 பிப்ரவரியில் 'காரியின் சட்டம்' வந்தது. 2020 பிப்ரவரி 16க்குப் பிறகு நிறுவப்படும் அமெரிக்க அலுவலக, விடுதி தொலைபேசி அமைப்புகளில் எந்த முன் எண்ணும் இல்லாமல் 911 நேராகப் போக வேண்டும். யாரோ அழைத்திருக்கிறார்கள் என்று வரவேற்பறைக்கும் தகவல் வர வேண்டும் என்கிறது சட்டம்.

வேலை என்னவோ சிறியது. பெட்டியின் புரோகிராமில் அவசர எண்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் 100, 101, 108, 112 எல்லாவற்றையும் எழுதி, '0' இல்லாமலே வெளி லைனைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். அறைகளின் எண்களை 300இலிருந்தோ 400இலிருந்தோ தொடங்கும்படி மாற்ற வேண்டும். எஸ்.டி.டி. கூடாது, வெளி அழைப்பே கூடாது என்று பூட்டப்பட்ட அறைகளுக்கும் இந்தப் பட்டியலில் மட்டும் விலக்கு வேண்டும். தெரிந்தவர் செய்தால் அரை மணி நேர வேலை. செய்யாமல் விடுவதற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. பெட்டியைப் பொருத்த வருகிறவர் 'எல்லாத் தொலைபேசியிலும் மணி அடிக்கிறதா' என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அடிக்கத்தான் செய்கிறது.

இந்தப் பெட்டியின் குணத்தைப் புரிந்துகொள்ள அது எதைப் பார்த்து நடிக்கிறது என்று தெரிய வேண்டும். தொலைபேசி இணைப்பகத்திலிருந்து வரும் செம்புக் கம்பியில் எப்போதும் 48 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. ரிசீவரை எடுத்ததும் சுற்று முழுமையாகி மின்னோட்டம் பாய்கிறது. 'யாரோ எடுத்துவிட்டார்கள்' என்று இணைப்பகம் உணர்ந்து டயல் டோனைத் தருகிறது. மணி அடிக்க வேண்டுமென்றால் 75 வோல்ட் அளவில் மாறுதிசை மின்சாரத்தை அனுப்புகிறது. விடுதிப் பெட்டி தன் ஒவ்வொரு அனலாக் போர்ட்டிலும் இதே நாடகத்தைச் சிறிய அளவில் நடத்துகிறது. தொலைபேசிக்கு வித்தியாசம் தெரியாது.

இந்த ஒற்றுமைக்கு இந்தியாவில் ஒரு வரலாறும் இருக்கிறது. 1984இல் சாம் பிட்ரோடாவின் முயற்சியில் உருவான சி-டாட் முதலில் வடிவமைத்தது 128 போர்ட் கொண்ட அலுவலகப் பெட்டி. அதையே மாற்றியமைத்துக் கிராமத்துத் தானியங்கி இணைப்பகமாக்கி, 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவினார்கள். ஏர்கண்டிஷனர் இல்லாமல், தூசியிலும் வெயிலிலும் ஓட வேண்டும் என்பது நிபந்தனை, ஓடியது. அலுவலகப் பெட்டியும் ஊர் இணைப்பகமும் நம் நாட்டில் உண்மையிலேயே உடன்பிறப்புகள்.

பெட்டியில் சாக்கெட்டுகள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருப்பது அடுத்த வில்லங்கம். வரவேற்பாளர் மேசையில் விளக்குகளும் பொத்தான்களுமாக இருக்கும் பெரிய தொலைபேசி டிஜிட்டல் போர்ட்டில் ஓடுவது. அந்தக் கம்பியில் வருவது வேறு மின்சாரம், வேறு மொழி. 1990களில் லேப்டாப்புடன் அலைந்த வியாபாரப் பயணிகள் விடுதி அறையில் கண்ணில் பட்ட சாக்கெட்டில் மோடத்தைச் செருகி அதைப் பொசுக்கிக்கொண்டது உலகம் முழுக்க நடந்த கதை. செருகுவதற்கு முன் லைனைச் சோதித்துப் பார்க்கவென்றே ஒரு சின்னக் கருவி அப்போது விற்றது.

இன்று மோடம் யாருக்கு வேண்டும், ஃபேக்ஸ் யார் அனுப்புகிறார்கள் என்று கேட்கலாம். 2018 நவம்பர் 21 அன்று ஜம்மு காஷ்மீரில் ஆட்சி அமைக்க உரிமை கோரி மெஹபூபா முஃப்தி ராஜ்பவனுக்கு ஃபேக்ஸ் அனுப்ப முயன்றார். அது போகவில்லை. அன்று இரவே சட்டமன்றம் கலைக்கப்பட்டது. மீலாது விடுமுறை, இயந்திரத்தைக் கவனிக்க ஆள் இல்லை, வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்பது ஆளுநர் சத்யபால் மாலிக்கின் விளக்கம். அங்கே பழுது பெட்டியில் இல்லை, வேறெங்கோ. பிரிட்டனில் அதே ஆண்டு எடுத்த கணக்கில் அரசு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 9,000 ஃபேக்ஸ் இயந்திரங்கள் இருந்தன. 2019 முதல் புதிதாக வாங்கத் தடை போட்டார்கள். ஜப்பானில் 2021இல் அமைச்சர் டாரோ கோனோ அரசு அலுவலகங்களில் ஃபேக்ஸை ஒழிக்கப் பார்த்தார். நூற்றுக்கணக்கில் ஆட்சேபங்கள் குவிந்ததும் பின்வாங்கினார். மோடமும் சாகவில்லை, வேடம் மாற்றிக்கொண்டது. தீ எச்சரிக்கைப் பலகை, லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசி, பழைய கார்டு தேய்க்கும் இயந்திரம் ஆகியவற்றுக்குள் அதுதான் உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கருவிகளை விடுதிப் பெட்டியில் மாட்டும்போது தகராறு வருவது பெட்டி மோசமானதாக இருப்பதால் அல்ல. அது மனிதர்களிடம் மிக நல்லவிதமாக நடந்துகொள்ளப் பழகியிருப்பதால். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு அழைப்பு வந்தால் காதில் 'பீப்' என்று மென்மையாகச் சொல்கிறது. மனிதருக்கு அது உபகாரம். பாதிப் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கும் ஃபேக்ஸுக்கு அந்த 'பீப்' நடுவில் விழுந்த கல். நான்கு வரி கறுப்பாகும், அல்லது இணைப்பே அறுந்துபோகும். காத்திருக்கும் செய்தியை நினைவூட்ட டயல் டோனை விட்டுவிட்டு ஒலிக்கச் செய்கிறது. அது டயல் டோன்தான் என்று மோடத்துக்குப் புரிவதில்லை. 'டயல் டோன் இல்லை' என்று எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. மேலாளர் எந்த லைனிலும் குறுக்கே நுழைந்து பேசலாம் என்ற வசதி இருக்கிறது. அவர் நுழைந்தது ஃபேக்ஸ் லைனாக இருந்தால் இரைச்சலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார், ஃபேக்ஸும் வைத்துவிடும். ஆகவே ஃபேக்ஸும் மோடமும் இருக்கும் போர்ட்டுகளில் இந்த உபசாரங்களை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். பல பெட்டிகளில் 'டேட்டா' என்று ஒரே ஒரு அடையாளம் கொடுத்தால் எல்லாம் சேர்ந்து நின்றுவிடும். அந்த அடையாளத்தைக் கொடுப்பவர்கள்தான் குறைவு.

இணையவழிப் பேச்சுக்கு மாறிய புதிய பெட்டிகள் இன்னும் ஒரு படி மேலே போய் உபகாரம் செய்கின்றன. மனிதக் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டுகளில் எழுதினால் 64,000 பிட்டுகள். அதை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் பேச்சு புரிகிறது, ஏனென்றால் சுருக்கும் முறை மனிதத் தொண்டையை மனதில் வைத்து எழுதப்பட்டது. பேசாத நேரத்தில் எதையும் அனுப்புவதில்லை. எதிரொலியை உறிஞ்சிவிடுகிறது. ஃபேக்ஸுக்குத் தொண்டை கிடையாது. அதன் சத்தத்தைச் சுருக்கினால் மறுமுனைக்குக் கிடைப்பது குப்பை. அந்தப் போர்ட்டுக்குச் சுருக்காத 64,000 பிட்டு வழி வேண்டும், அல்லது 1998இல் இதற்காகவே வகுக்கப்பட்ட டி.38 என்ற முறை இரு பக்கமும் இயங்க வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், 'என்னிடம் இந்த உபகாரமெல்லாம் வேண்டாம்' என்று இயந்திரங்களே சொல்லும் ஏற்பாடு பல காலமாக இருக்கிறது. ஃபேக்ஸ் அழைக்கும்போது மூன்று நொடி இடைவெளி விட்டு அரை நொடி நேரம் கேட்கும் 'பீப்', 1,100 ஹெர்ட்ஸ். 'பேசுவது ஃபேக்ஸ்' என்று அதற்கு அர்த்தம். எடுக்கும் இயந்திரம் 2,100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஒலியை எழுப்பும். மோடம் அதே ஒலியை ஏறத்தாழ அரை நொடிக்கு ஒருமுறை தலைகீழாகப் புரட்டி அனுப்புகிறது. வழியில் உள்ள எதிரொலி நீக்கிகள் அதைக் கேட்டதும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது சர்வதேச ஏற்பாடு: இனி பேசப்போவது மனிதர் அல்ல, கையை எடுத்துவிடு. தவறான எண்ணுக்கு அழைத்து அந்தக் கீச்சொலியைக் கேட்டு ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தவர்கள், இவ்வளவு நாகரிகமான ஒரு வேண்டுகோளைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

வரும் ஃபேக்ஸுகளுக்கும் அதே 1,100 ஹெர்ட்ஸ் 'பீப்' உதவுகிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பை 'வணக்கம், வரவேற்பறைக்கு 9 அழுத்துங்கள்' என்ற பதிவுக் குரல் வாங்கும் இடங்களில், பெட்டி இந்த ஒலியைக் கேட்டால் தானே ஃபேக்ஸுக்குத் திருப்பிவிடும். திருப்பச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு முனையில் குரல் வணக்கம் சொல்லும், மறுமுனையில் இயந்திரம் 'பீப்' சொல்லும், இரண்டும் சலித்துப்போய் நிறுத்தும் வரை அது நடக்கும்.

டயல் செய்வதிலும் சிறு நுணுக்கம். வெளி லைனுக்கு '0' அழுத்தியதும் மனிதர் இயல்பாகவே ஒரு கணம் நிற்கிறார். மோடம் நிற்காது. அதனால் '0'க்குப் பிறகு ஒரு காற்புள்ளி எழுத வேண்டும். மோடத்துக்கு அது இரண்டு நொடி மௌனம். பெட்டியின் டயல் டோன் ஊர் இணைப்பகத்தின் டோன் போல இல்லையென்றால், டோனுக்காகக் காத்திருக்காதே என்று தனிக் கட்டளையும் தர வேண்டும். 1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். இணையத்தைத் திறந்துவிட்ட நாட்களில் அலுவலக எக்ஸ்டென்ஷனிலிருந்து இணைய முயன்றவர்களில் பாதிப் பேரைத் தோற்கடித்தது இந்த ஒற்றைக் காற்புள்ளி என்றால் மிகையாகாது. வேகமும் குறைந்தது. பிறகு வந்த 56 கே மோடம், வழியில் ஒரே ஒரு முறைதான் அனலாக் டிஜிட்டலாக மாறும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. டிஜிட்டல் பெட்டிக்குப் பின்னால் மாட்டினால் மாற்றம் கூடுதலாக ஒருமுறை நடக்கிறது, 33.6க்கு மேல் போகாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்-டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசி இந்தச் சிக்கலைச் சுற்றி வளைக்காமல் தீர்த்தது. வீட்டுச் சுவரில் மாட்டும் அதன் பெட்டியில் தொலைபேசிக்கு ஒரு சாக்கெட், கணினிக்குத் தனியாக இன்னொன்று. கணினி மோடமே இல்லாமல் 35 கே வேகத்தில் இணைந்தது. குரலையும் தகவலையும் ஒரே துளை வழியே திணித்துவிட்டுப் பிறகு பிரிக்கப் பாடுபடுவதை விட வாசலிலேயே பிரித்துவிட்டார்கள். 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு இணையம் போனது இந்தப் பெட்டியில்தான்.

மறுபடி மலையடிவாரம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கேரளத்தில் பிற்பகலுக்கு மேல் இடி இறங்குகிறது. முதலில் சாவது ஃபேக்ஸும் மோடமும். சாதாரணத் தொலைபேசி ஒரே ஒரு கம்பியில் தொங்குகிறது. ஃபேக்ஸ் தொலைபேசிக் கம்பி, மின்சாரக் கம்பி இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு வழியே வந்த மின்னல் மறுவழியே வெளியேற அதை நடைபாலமாக்குகிறது. லைன் உள்ளே நுழையுமிடத்தில் மின்னல் தடுப்பான் வேண்டும், அதற்கு ஒழுங்கான எர்த் வேண்டும். பாறை மேல் கட்டிய கட்டடத்தில் நல்ல எர்த் கிடைப்பது சுலபமல்ல. மேகம் கறுத்தால் ஃபேக்ஸின் இரண்டு ஒயரையும் பிடுங்கிவிடும் பையன் எந்தத் தடுப்பானுக்கும் குறைந்தவன் அல்ல.

இடியோடு மின்சாரமும் போகும். அதற்கென்று பெட்டிக்குள் ஓர் ஏற்பாடு உண்டு, பல விடுதி முதலாளிகளுக்கே தெரியாது. மின்சாரம் அற்றுப்போனால் ஒரு ரிலே விழுந்து, முதல் வெளி லைனை ஒரு குறிப்பிட்ட அனலாக் போர்ட்டோடு நேராகச் சேர்த்துவிடும். பெட்டி செத்துக் கிடந்தாலும் ஊர் இணைப்பகத்தின் 48 வோல்ட்டில் அந்த ஒரு தொலைபேசி உயிரோடு இருக்கும். அந்தப் போர்ட்டில் மாட்டியிருப்பது சாதாரணத் தொலைபேசியாக இருந்தால். பொத்தான்கள் நிறைந்த டிஜிட்டல் கருவியோ, மின்சாரம் தேவைப்படும் கார்ட்லெஸ்ஸோ இருந்தால் பயனில்லை. விலை குறைந்த, அழகில்லாத தொலைபேசி என்பதால் அதைப் பெரும்பாலும் கிடங்கறையில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு கண்ணி. பெட்டி விலகி நிற்கும்போது '0' தேவையில்லை. தீ எச்சரிக்கைப் பலகையின் நினைவில் '0, காற்புள்ளி, எண்' என்று எழுதியிருந்தால், அந்த '0' நேராக ஊர் இணைப்பகத்துக்குப் போய் எஸ்.டி.டி. அழைப்பின் தொடக்கமாகிவிடும். அழைப்பு எங்கும் போய்ச் சேராது. அதுவும் தீ விபத்தால் மின்சாரம் போன நேரத்தில். அதனால் தீ எச்சரிக்கையையும் லிஃப்ட் தொலைபேசியையும் பெட்டிக்குள் கொண்டுவரவே கூடாது, அவற்றுக்கு வெளி லைனை நேராகத் தந்துவிட வேண்டும் என்பதே இந்தத் தொழிலில் விவரமறிந்தவர்களின் வழக்கம்.

பல ஊர்களில் இப்போது செம்புக் கம்பி போய் ஒளியிழை வந்துகொண்டிருக்கிறது. ஒளியிழை வெளிச்சத்தைக் கொண்டுவரும், 48 வோல்ட்டைக் கொண்டுவராது. லைன் வந்து சேரும் சின்ன வெள்ளைப் பெட்டிக்கு விடுதியின் மின்சாரம்தான் சாப்பாடு. ரிலே ஒழுங்காக விழுந்தாலும் மறுமுனையில் லைன் இருக்காது. அந்தச் சின்னப் பெட்டிக்கும் சாம்பல் பெட்டிக்கும் சேர்த்து ஒரு பாட்டரி வைக்க வேண்டியது இனி விடுதிக்காரரின் பொறுப்பு. கம்பி மாற்ற வருகிறவர்கள் இதைச் சொல்லிவிட்டுப் போனால் நல்லது.

அவசர எண்கள் சரியாகப் போகின்றனவா என்று பார்க்க 108ஐ அழைத்து அங்கே இருப்பவர்களைத் தொல்லைப்படுத்த வேண்டியதில்லை. பட்டியலில் 108 என்று அழுத்தினால் போக வேண்டிய இடமாக மேலாளரின் செல்பேசி எண்ணைத் தற்காலிகமாக எழுதிவிட்டு, ஒவ்வொரு அறையிலிருந்தும் 108 அழுத்திப் பார்க்கலாம். 24 அறைகளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். முடிந்ததும் மேலாளரின் எண்ணை எடுத்துவிட்டுப் பழையபடி 108ஐ எழுத மறக்கக் கூடாது.